முகம் அதைத்த ஏழு மாதங்கள்

2023 ஆவணியில், அம்பாசமுத்திரத்தில் எங்கள் பெரியம்மை (பெரியம்மா) வீட்டுப் பேத்தியின் கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்தில் சொதி சாப்பிட்டுவிட்டு, இரவு பத்து மணி வாக்கில் திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பல் துலக்கப் போனபோது, மேலுதட்டின் இடது பக்கம் மட்டும் குளவி கொட்டியதுபோல் புடைத்திருந்தது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஓரமாக ஒழுகியது. அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, உடம்பில் எங்கும் தடிப்பு இல்லை. இழுத்துக் கட்டியதுபோல் ஓர் இறுக்கம் மட்டும் உதட்டில் இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை.

எங்கள் பக்கத்தில் வீக்கத்தை அதைப்பு என்போம். அலைபேசியில் என் முகத்தைப் பார்த்த பெரியம்மை, "என்னட்டி, மொகம் இப்படி அதைச்சிருக்கு? நேத்துத் தின்னதுல என்னமோ ஒனக்குச் சேரல" என்றார். சேரவில்லை என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அடுத்த ஏழு மாதங்களைக் கழித்தேன். பெரியம்மை மேல் எனக்குக் குறையில்லை, ஏனென்றால் அன்று நானும் அதையேதான் நினைத்தேன். சொதியில் தேங்காய்ப்பாலும் முந்திரியும் இருந்தன, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி இருந்தது, அவற்றுள் ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட்டேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். அப்போது வயது 47. அன்று மாலை பார்த்த மருத்துவர், உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சொல்லி, ஐந்து நாளுக்குச் சிடிரிசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்கத்தான் செய்தார். "பிரஷருக்கு ஒரு மாத்திரை மட்டும்தான்" என்று சொன்னேன். அந்த 'மட்டும்தான்' என்பதைப் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டேகால் வருடமாக நாள் தவறாமல் காலைக் காபிக்குப் பிறகு விழுங்கிவந்த அந்த மாத்திரை எனக்கு மருந்தாகவே தோன்றவில்லை. உப்பு, புளி, மிளகாய் போல வீட்டில் இருக்கும் ஒரு பொருளாகிவிட்டிருந்தது. இரண்டாம் நாள் உதடு வடிந்துவிட்டது. மாத்திரைக்குத்தான் வடிந்தது என்று நம்பினேன். இவ்வகை வீக்கம் மருந்தே சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தானாக வடிந்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பத்தொன்பது நாள் கழித்து வலது கண்ணிமை வீங்கியது. முந்தின நாள் மதியம் எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்திருந்தேன். கத்திரிக்காயின் மேல் பழி போடுவதற்கு நம் ஊரில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கத்திரிக்காய், கருவாடு, சோளம், கம்பு முதலியவற்றைத் தோல் நோயைக் கிளப்பும் கரப்பான் பண்டங்கள் என்று சித்த மருத்துவம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடந்துவரும் பாளையங்கோட்டையில் காய்கறி விற்கும் ஆச்சிகூட அந்தப் பட்டியலை ஒப்பிப்பார். பக்கத்து வீட்டுப் பாட்டி இது காணாக்கடி என்று சொல்லி, வெற்றிலையில் மிளகை மடித்துத் தின்னக் கொடுத்து, வேப்பிலையால் வருடிவிட்டார். காணாக்கடி என்றால் உடம்பெல்லாம் தடித்துத் தடித்து அரிக்கும். எனக்கு அரிப்பே இல்லை என்று நான் சொன்னதை அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதைச் சொன்ன நானும் எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு மாதமும் என் முகத்திலேயே இருந்த தடயம் அது.

அதன் பிறகு ஒவ்வொரு வீக்கத்துக்கும் ஒரு பொருள் அடுக்களையை விட்டு வெளியேறியது. முந்திரியும் கத்திரிக்காயும் போன பிறகு கருவாடு போனது, பிறகு மீனே போனது, முட்டை போனது, நிலக்கடலை போனது. ஒரு சனிக்கிழமை உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் சாப்பிட்டு, ஞாயிறு காலை கன்னம் வீங்கி எழுந்த அன்று எள்ளையும் நிறுத்தினேன். எள் உண்மையிலேயே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரக்கூடிய பொருள். அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் உணவுப் பொட்டலங்களின் மேல் எள் சேர்ந்திருப்பதைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இதைப் படித்தபோது, கண்டுபிடித்துவிட்டேன் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் திருநெல்வேலி வீட்டில் எள்ளை விலக்குவதென்றால் துவையலோடு முடியாது. நல்லெண்ணெய் போக வேண்டும். அதோடு இட்லிப் பொடி, உளுந்தங்களி, புளிக்குழம்பின் தாளிப்பு, வருடம் முழுவதற்கும் போட்டு வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் போக வேண்டும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் எள்ளின் புரதம் தங்கியிருக்கும் என்று படித்துவிட்டு, தோசைக்கல்லைக்கூட எனக்கென்று தனியாக வாங்கினேன்.

தை மாதம் வந்தபோது என் தட்டில் புழுங்கலரிசிக் கஞ்சியும், பீர்க்கங்காய் அல்லது சுரைக்காய்க் கூட்டும், இரண்டு வாழைப்பழமும் மட்டும் மிஞ்சியிருந்தன. கோதுமையையும் பாலையும் கார்த்திகையிலேயே நிறுத்தியிருந்தேன். ஒரே வீட்டில் இரண்டு சமையல். என் கணவரும் மகனும் என் எதிரில் மீன்குழம்பு சாப்பிடக் கூச்சப்பட்டு, நான் எழுந்து போன பிறகு சாப்பிட்டார்கள். அதை நான் கவனித்துவிட்டேன் என்று தெரிந்த நாளில் அவர்களும் கஞ்சிக்கு மாறினார்கள். கூட்டாஞ்சோறு ஆக்கினால் தெருவே மணக்கும் என்று பேர் வாங்கிய வீடு எங்கள் வீடு. அந்த மார்கழி முழுவதும் எங்கள் அடுக்களையில் தாளிக்கும் சத்தமே கேட்கவில்லை.

வீங்கிய முகத்தோடு வகுப்புக்குப் போவது பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இந்த நோயில் வலி குறைவு, மற்றவர் பார்வைதான் அதிகம். கொரோனாக் காலத்து முகக்கவசங்கள் ஒரு பெட்டி மிச்சமிருந்தது. உதடு வீங்கினால் கவசம் போட்டுக்கொள்வேன், கண் வீங்கினால் மறைக்க வழியில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், அழுதீங்களா?" என்று மேசை அருகே வந்து மெதுவாகக் கேட்டாள். ஆசிரியர் அறையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அவர்களாகவே ஒரு கதையை முடிவு செய்துகொண்டார்கள் என்பது இரண்டு பேர் என்னிடம் காட்டிய பரிவிலிருந்தே தெரிந்தது. நன்றாக இருக்கும் என் கணவரின் பெயர் என் உதட்டால் கெடுகிறதே என்று அன்று மாலை பேருந்தில் உண்மையிலேயே அழுதேன்.

வீக்கத்தைவிட என்னைப் படுத்தியது அசதி. பள்ளியில் என் வகுப்பறை இரண்டாம் மாடியில் இருக்கிறது; முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு அடங்கிய பிறகுதான் மேலே ஏற முடிந்தது. மதிய இடைவேளையில் தலையைக் கவிழ்த்தால் மணி அடிப்பதுகூடக் கேட்காது. ஒவ்வாமை இருந்தால் அசதி இருக்கும் என்று பலரும் சொன்னதால், இரண்டும் ஒரே நோய் என்று நினைத்தேன். உண்மையில் அசதிக்குத் தனியாக மூன்று காரணங்கள் இருந்தன, மூன்றும் என் சந்தேகத்தால் வந்தவை. வீக்கம் வந்துவிடக் கூடாதே என்று நாள்தோறும் சிடிரிசின் விழுங்கினேன், அது பலருக்குத் தூக்கக் கலக்கத்தைத் தரும். இரவில் உதடு வீங்குகிறதா என்று பார்க்க இரண்டு மூன்று முறை எழுந்து விளக்கைப் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருந்தேன், ஹீமோகுளோபின் 8.6 இருந்தது, பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை என்பது கணக்கு. இரும்பும் புரதமும் தரும் உணவுகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, ஒவ்வாமை என்னை உருக்குகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் எட்டாயிரம் ரூபாய் கட்டி, நூற்றுக்கு மேற்பட்ட உணவுகளுக்கு ஒரே இரத்த மாதிரியில் ஒவ்வாமை பார்க்கும் சோதனை செய்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டு வந்த அந்த அறிக்கையில் 23 உணவுகள் சிவப்பில் இருந்தன. அரிசியும் அவற்றுள் ஒன்று. அன்று இரவு கஞ்சித் தட்டின் முன்னால் நான் அமர்ந்திருந்த நிலையை எழுத எனக்கு மனமில்லை. அந்தச் சோதனை பார்ப்பது ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் புரதத்தை. நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு எதிராக ஐஜிஜி இருப்பது இயல்பு. உடம்பு அந்த உணவைப் பழகிக்கொண்டது என்பதற்குத்தான் அது அடையாளம், ஒவ்வாமைக்கு அல்ல. சாப்பிட்டவுடன் வரும் உணவு ஒவ்வாமைக்குக் காரணமானது ஐஜிஇ என்னும் வேறொரு புரதம், 1960-களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. ஓர் எழுத்து வேறுபாட்டை எனக்கு யாரும் சொல்லவில்லை. பணம் போனதை மறந்துவிட்டேன். பசியோடு இருந்த ஒருத்தியிடம் அரிசியும் ஆகாது என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்ததை மட்டும் மறக்க முடியவில்லை.

முகம் வீங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றை முதலிலேயே பார்த்துவிட்டது நல்லதாயிற்று. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் காலையில் இரண்டு கண்களைச் சுற்றியும் ஒரே மாதிரி வீங்கும், சிறுநீர் நுரைக்கும், காலும் வீங்கி அழுத்தினால் குழி விழும். தைராய்டு குறைந்தால் முகம் மெல்ல மெல்ல ஊதிக்கொண்டே வரும், அசதியும் மலச்சிக்கலும் குளிர் தாங்காமையும் சேர்ந்திருக்கும். எனக்குச் சிறுநீரில் புரதம் இல்லை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருந்தது, தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். அளவும் சரியாக இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. தாமிரபரணி கரையை மீறி எங்கள் தெருவுக்குள் வந்தது. கீழ் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். எதிர் வீட்டு மாடியில் ஐந்து குடும்பங்களாகத் தங்கினோம். யார் கொண்டுவந்து தந்தாலும் வாங்கிச் சாப்பிட்டோம். பிரெட், பால்பொடித் தேநீர், பிஸ்கட், கடலைமிட்டாய், ஒரு நாள் முட்டைக் குழம்பு. நான் விலக்கி வைத்திருந்தவற்றில் பல இரண்டு நாளில் வயிற்றுக்குள் போயின. ஒன்றும் வீங்கவில்லை. இதை நான் ஓர் அதிசயமாக எண்ணி, அம்மன் காப்பாற்றினாள் என்று கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தேனே தவிர, அந்த உணவுகள் குற்றவாளிகள் இல்லையோ என்று எனக்குத் தோன்றவில்லை. மேசை இழுப்பறையோடு என் பிரஷர் மாத்திரைகளும் தண்ணீரில் போயின. வீட்டைக் கழுவி, சேறு வாரி, மறுபடி மாத்திரை வாங்கப் பதினொரு நாள் ஆனது. இந்த விவரத்தைக் குறிப்பேட்டில் எழுதவே இல்லை.

குறிப்பேடு என்று சொன்னேன் அல்லவா, அதில் நான் செய்த தவறும் அதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில், வீக்கம் வந்த நாளில் முந்தின நாள் என்ன சாப்பிட்டேன் என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். வீக்கம் வராத நாட்களில் என்ன சாப்பிட்டேன் என்று ஒரு வரி இல்லை. திருச்செந்தூர் போகும் வழியில் ஓட்டல் சாம்பாரில் கத்திரிக்காய் கிடந்து, தெரியாமல் சாப்பிட்டு, ஒன்றும் ஆகாமல் போன நாள் அந்த நோட்டில் இல்லை. சாப்பிட்ட நேரம் இல்லை, வீங்கத் தொடங்கிய நேரம் இல்லை. மாத்திரைகள் இல்லவே இல்லை.

2024 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு நாக்கு வீங்கியது. வாய்க்குள் வேறொருவர் விரலை வைத்து அழுத்துவது போன்ற உணர்வோடு விழித்தேன். கணவரை எழுப்பிப் பேசியபோது என் குரல் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுபவர் குரல்போல் இருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. 108-ஐ அழைத்தோம், வண்டி சீக்கிரம் வந்துவிட்டது. அவசரப் பிரிவில் தொடையில் அட்ரினலின் ஊசியும், கையில் வேறு இரண்டு ஊசிகளும் போட்டு, மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்க ஆயத்தமாக ஒருவர் என் தலைமாட்டிலேயே காலை வரை நின்றார். அந்த இளைஞரின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒவ்வாமை வீக்கமாக இருந்தால் அந்த ஊசிகளுக்கு விரைவில் அடங்கத் தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு அவை எதுவும் கேட்கவில்லை, முப்பது மணி நேரம் எடுத்துக்கொண்டு தன் போக்கில்தான் வடிந்தது.

மார்ச் மாதம், மதுரையில் ஒவ்வாமைக்கென்றே சிகிச்சை தரும் ஒரு மருத்துவரிடம் போனோம். தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்காக ஏழு நாள் முன்பே சிடிரிசினை நிறுத்தச் சொன்னார்கள், அது உள்ளே இருந்தால் சோதனை பொய் சொல்லும். முன்கையில் பேனாவால் எண்கள் எழுதி, ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு துளி திரவம் விட்டு, அதன் வழியாகச் சிறு ஊசிமுனையால் தோலை மெல்லக் கீறினார்கள். எறும்பு கடித்ததைவிடக் குறைந்த வலி. பதினைந்து நிமிடம் கையை மேசைமேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்த, ஒவ்வாமையில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருளின் துளி கொசுக்கடிபோல் எழும்பியது. வீட்டுத் தூசியில் வாழும் சிலந்திப்பேன் என்னும் நுண்ணிய உயிரியின் துளியும் கொஞ்சம் எழும்பியது. எள், முந்திரி, நிலக்கடலை, முட்டை, பால், கோதுமை, மீன், இறால், கத்திரிக்காய் எல்லாம் என் தோலில் அமைதியாகக் கிடந்தன. ஏழு மாதம் பட்டினி கிடந்ததற்குப் பதில் அந்தக் கையில் இருந்தது.

அதன் பிறகு மருத்துவர் நோட்டை வாங்கிப் பொறுமையாகப் புரட்டினார். உணவு ஒவ்வாமை என்றால் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும் என்றும், ஆட்டிறைச்சி மாட்டிறைச்சியால் சிலருக்கு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து வருவது போன்ற விதிவிலக்குகள் குறைவு என்றும் சொன்னார். என் வீக்கங்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கழித்து விடியற்காலையில் வந்தவை. அரிப்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். இருமல் உண்டா என்று கேட்டார். ஒரு நிமிடம் புரியவில்லை. இருமல் இருந்தது, இரண்டு வருடமாக வறட்டு இருமல் இருந்தது, சாக்பீஸ் தூசி என்று நினைத்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன். "என்ன மாத்திரைம்மா சாப்பிடுறீங்க?" என்றார். பிரஷருக்கு மட்டும்தான் என்று இப்போதும் சொன்னேன். பெயர் தெரியவில்லை. வீட்டில் இருந்த மகனை அழைத்தேன். அவன் அட்டையைத் தேடியெடுத்து, கிழிந்த ஓரத்தில் மிஞ்சியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தான். ஆர், ஏ, எம், ஐ. மருத்துவர் கையை உயர்த்தி, போதும் என்றார். ராமிப்ரில்.

ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மாத்திரைகள் ஒரே குடும்பம். ஏசிஇ என்னும் நொதியைத் தடுத்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. அதே நொதிக்கு உடம்பில் இன்னொரு வேலையும் உண்டு, பிராடிகைனின் என்னும் பொருளைச் சிதைப்பது. நொதி தடைபடும்போது சிலருக்குப் பிராடிகைனின் தேங்கி, நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, உதடு, இமை, நாக்கு, தொண்டை ஆகிய இடங்களில் வீக்கம் வருகிறது. ஹிஸ்டமினுக்கு இதில் பங்கில்லாததால் அரிப்பு இல்லை, அதைத் தடுக்கும் சிடிரிசினும் பயன்படவில்லை. மாத்திரை தொடங்கிய வாரத்திலும் வரலாம், என்னைப்போல் வருடங்கள் கழித்தும் வரலாம். தினமும் சாப்பிட்டாலும் எப்போதாவதுதான் வீக்கம் வரும் என்பதால்தான் யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. இம்மாத்திரைகளைச் சாப்பிடும் ஆயிரம் பேரில் ஒன்று முதல் ஏழு பேருக்கு இவ்வீக்கம் வரக்கூடும். வறட்டு இருமல் அதைவிட மிகப் பரவலானது. வெள்ளத்தில் மாத்திரை இல்லாமல் இருந்த பதினொரு நாளைப் பற்றியும் சொன்னேன். அது சான்று ஆகாது, உங்களுக்கு வீக்கம் வருவதே மூன்று வாரத்துக்கு ஒருமுறைதானே என்று அவர் நேர்மையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பரம்பரையாக வரும் வீக்க நோய் இல்லை என்பதை உறுதி செய்ய சி4 என்னும் இரத்தச் சோதனையும் செய்தார், அது சரியாக இருந்தது.

இந்த மாத்திரைக் குடும்பத்தின் வேர் பாம்பின் நஞ்சில் இருக்கிறது என்பதைப் பிறகு படித்தேன். பிரேசில் நாட்டு ஜராராகா என்னும் விரியனின் நஞ்சில் பிராடிகைனினின் வேலையைப் பெருக்கும் பொருள் இருப்பதை 1960-களில் செர்ஜியோ ஃபெரெய்ரா கண்டறிந்தார். அந்த வழியில் உருவான முதல் மாத்திரையான கேப்டோப்ரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எத்தனையோ கோடிப் பேரின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றிவரும் மருந்து அது. என் உடம்புக்கு அது சேரவில்லை, அவ்வளவே.

மாத்திரையை மாற்றி டெல்மிசார்டன் கொடுத்தார். நிறுத்திய பிறகும் சில வாரங்கள் வீக்கம் தலைகாட்டலாம் என்று முன்னமே எச்சரித்திருந்ததால், இரண்டாம் வாரத்திலும் ஐந்தாம் வாரத்திலும் உதடு லேசாகத் தடித்தபோது நான் பதறவில்லை. மூன்றாம் வாரத்தில் இருமல் நின்றது. ஒரு நாள் மாலை கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை உயர்த்தி, "என்ன, இருமல் சத்தத்தையே காணோம்" என்றார். ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு இன்றுவரை முகம் வீங்கவில்லை.

உணவைத் திரும்பக் கொண்டுவருவதுதான் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. காரணம் தெரிந்தது அறிவுக்கு, கைக்குத் தெரியவில்லை. முதல் நாள் எண்ணெய்க் கத்திரிக்காயில் ஒரு துண்டை எடுத்துச் சோற்றோடு பிசைந்துவிட்டு, வாய்க்குக் கொண்டுபோகாமல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தேன். நெஞ்சு படபடத்தது, உதடு தடிப்பதுபோலவே இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமில்லை. மூன்று நாளுக்கு ஒரு பொருள் என்று கணக்கு வைத்துச் சேர்த்தேன், இம்முறை வீங்காத நாட்களையும் எழுதினேன். கடைசியாக வந்தது எள். நல்லெண்ணெய் ஊற்றிய இட்லிப் பொடியில் முதல் விள்ளலைத் தொட்ட காலையில், என் மகன் அடுக்களை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை ஐந்து மாதம் சாப்பிட்டேன். காபியோடு சேர்த்தால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது என்பதால் காலைக் காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன். முருங்கைக்கீரையும் மீனும் அடுக்களைக்குத் திரும்பின. ஹீமோகுளோபின் 11.9 ஆனபோது இரண்டாம் மாடிக்கு நிற்காமல் ஏறினேன்.

என் கைப்பையில் இப்போது ஓர் அட்டை இருக்கிறது. 'ப்ரில்' என முடியும் எந்த மாத்திரையும் எனக்குத் தரக் கூடாது என்று தமிழில் எழுதி, மருத்துவரின் கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறேன்; பல் மருத்துவரிடம் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுகிறேன். வீக்கம் எதனால் வந்தாலும், நாக்கு தடித்தால், குரல் மாறினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சு முட்டினால், வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மிளகு தின்னாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை எங்கள் தெருவில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். வலி மாத்திரைகளாலும் சிலருக்கு இமையும் உதடும் வீங்குவதுண்டு, ஆகையால் மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. உண்மையான உணவு ஒவ்வாமை இருப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு விலக்கு உயிர் காக்கும் விஷயம். எதை விலக்க வேண்டும் என்பது சோதனையில் தெரிய வேண்டும், என்னைப்போல் பயத்தில் அல்ல.

போன பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போய்விட்டு அம்பாசமுத்திரத்தில் பெரியம்மை வீட்டில் இறங்கினோம். எனக்கென்று முந்திரி போட்டுச் சொதி வைத்திருந்தார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறிக்கொண்டிருந்தவர் நடுவில் இரண்டு முறை திரும்பி நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். அது வறட்டு இருமல்; அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. சாப்பிட்டுக் கை கழுவியவுடன் அவருடைய மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எனலாப்ரில். வீக்கம் ஏதும் வந்ததா என்று கேட்டேன், ஒருநாளும் வந்ததில்லை என்றார். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் ஏறிவிடும், இந்த இருமலை மட்டும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று சொல்லி, மாத்திரையின் பெயரையும் இருமல் என்ற சொல்லையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி டப்பாவுக்குள் வைத்தேன்.

"நான் சாம்பிராணிப் பொகைன்னுல்லா நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே, பெரியம்மை அந்தத் தாளை எடுத்து இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.